வெள்ளைக்கல்லும் ஜவ்வரிசியும்: ஒரு பொருள் எப்போது வேறு பொருளாகிறது?

பள்ளியில் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்ற பாடத்தைப் பெரும்பாலும் ஒரு சின்ன விதியோடு முடித்துவிடுகிறார்கள். பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம். உருகிய பனிக்கட்டியை மறுபடி உறைய வைக்கலாம், அதனால் அது இயற்பியல். எரிந்த காகிதத்தின் சாம்பலைக் காகிதமாக்க முடியாது, அதனால் அது வேதியியல். தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் சேலம் மாவட்டத்து மாணவர் ஒருவர் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஊரைச் சுற்றிப் பார்த்தால், விதி சீக்கிரமே உடைந்துவிடும்.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைக்கிறார்கள். அரைத்த கிழங்கை யாராலும் மறுபடி முழுக் கிழங்காக்க முடியாது. அப்படியானால் அது வேதியியல் மாற்றமாக இருக்க வேண்டும். ஆனால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தைப் பொறுத்தவரை அது வெறும் இயற்பியல் மாற்றம்தான். அடுத்து சங்ககிரியில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈய அமில பேட்டரி இருக்கிறது. அது மின்சாரம் கொடுக்கும்போது உள்ளே உள்ள ஈயமும் ஈய டை ஆக்ஸைடும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாகின்றன. இன்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது அந்த ஈய சல்பேட் மறுபடி ஈயமாகவும் ஈய டை ஆக்ஸைடாகவும் திரும்புகிறது. தினமும் போவதும் வருவதுமாக இருக்கிற இந்த மாற்றம், விதிப்படி பார்த்தால் இயற்பியல் மாற்றம். உண்மையில் இது சந்தேகத்துக்கே இடமில்லாத வேதியியல் மாற்றம்.

திரும்பி வருமா வராதா என்பது நல்ல கேள்விதான். ஆனால் அது வேறொரு பாடத்தின் கேள்வி. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாற்றத்துக்குப் பிறகு கையில் இருப்பது அதே பொருளா, வேறு பொருளா?

அதே பொருள் என்றால் என்ன? தண்ணீரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் பிணைந்திருப்பது ஒரு நீர் மூலக்கூறு. இந்தப் பிணைப்பு இருக்கும்வரை அது நீர். மூலக்கூறுகள் வரிசையாக இடம்பிடித்து நின்றால் பனிக்கட்டி, ஒன்றன்மேல் ஒன்று நழுவி ஓடினால் தண்ணீர், விலகிப் பறந்தால் நீராவி. நிற்கும் விதம்தான் மாறுகிறது, மூலக்கூறு மாறவில்லை. கட்டிய குண்டுமல்லிச் சரத்தைப் பிரித்து உதிரியாகக் கொட்டினாலும் ஒவ்வொரு பூவும் பூவாகத்தான் இருக்கும். இதழ் இதழாகப் பிய்த்தால்தான் பூ போய்விடுகிறது. சரம் பிரிவது போன்றது இயற்பியல் மாற்றம். பூ பிய்வது போன்றது வேதியியல் மாற்றம்.

ஏற்காட்டு ஏரிக்கரையில் காலையில் இறங்கும் மூடுபனி முழுக்க முழுக்க இயற்பியல் மாற்றம். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகிறது. வெயில் ஏறியதும் அதே துளிகள் ஆவியாகிக் கண்ணைவிட்டு மறைகின்றன. மலை முழுவதும் காணாமல் போய்த் திரும்பி வந்ததுபோல் இருக்கும். ஒரு மூலக்கூறுகூட வேறாகியிருக்காது.

அதே ஏற்காட்டில் இன்னொன்றையும் கவனிக்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் கொதிக்க 99 டிகிரி வேண்டும். அதனால்தான் மலைமேல் திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கிறவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது: தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அதன் சூடு குறைவு. கொதிநிலை ஊருக்கு ஊர் மாறும், தண்ணீர் மாறாது.

இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளவும் தண்ணீரே உதவும். கொதிக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் ஆற்றல் வேண்டும். அதே ஒரு கிராமை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கச் சுமார் 15,900 ஜூல் வேண்டும். ஏழு மடங்கு. மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்றை விலக்குவதைவிட மூலக்கூறையே உடைப்பது அத்தனை கடினம். அடுப்பில் வைத்த தண்ணீர் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நீராவியாகத்தான் போகும், ஹைட்ரஜனாகப் பிரியாது. அதற்கு மின்சாரத்தைச் செலுத்தித்தான் பிரிக்க வேண்டும்.

வெள்ளைக்கல் சொல்லும் கதை

சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவில், கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் பூமியைத் தோண்டினால் வெள்ளை வெளேரென்று நரம்பு நரம்பாக ஒரு கல் ஓடும். மேக்னசைட். ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். வேதியியல் மாற்றம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பொருள் இந்த மாவட்டத்தில் இல்லை என்பேன். சேலத்துப் பள்ளிகள் இந்தப் பாடத்தைக் காகிதம் எரிப்பதில் தொடங்காமல் மேக்னசைட்டில் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் கல் மக்னீசியம் கார்பனேட். மண்ணுக்குள் இருந்த மக்னீசியம் நிறைந்த கரும்பாறையோடு, கார்பன் டை ஆக்ஸைடு கரைந்த நீர் வினைபுரிந்ததால் உருவானது. அதாவது அந்தக் கல்லே மிக மெதுவாக நடந்த ஒரு வேதியியல் மாற்றத்தின் விளைவு. சுரங்கத்தில் வெடி வைத்துப் பெயர்ப்பது, சம்மட்டியால் உடைப்பது, மண்ணும் பாறையும் ஒட்டியதைத் தட்டித் தரம் பிரிப்பது எல்லாம் இயற்பியல் வேலைகள். பொடியாகவே அரைத்தாலும் ஒவ்வொரு துகளும் மக்னீசியம் கார்பனேட்தான்.

பிறகு கல்லைச் சூளைக்குள் போடுகிறார்கள். 700 டிகிரிக்கு மேல் சூடேறும்போது கல்லுக்குள் இருந்து கார்பன் டை ஆக்ஸைடு வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது மக்னீசியம் ஆக்ஸைடு. உள்ளே போனதும் வெள்ளை, வெளியே வருவதும் ஏறக்குறைய வெள்ளை. தீ பிடிக்கவில்லை, நிறம் பெரிதாக மாறவில்லை, நாற்றமும் இல்லை. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆனால் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். சுத்தமான 84 கிலோ கல்லை முழுவதும் சுட்டால் 40 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ, பாதிக்கும் மேல், வாயுவாகக் காற்றில் போய்விட்டது.

இந்தக் கணக்கை முதலில் தராசு வைத்துப் பிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக். 1750களில் அவர் மக்னீசியம் கார்பனேட் பொடியைச் சுட்டுப் பார்த்தார். எடை பாதிக்கும் மேல் குறைந்தது. சுடாத பொடியில் அமிலம் ஊற்றினால் நுரை பொங்கியது, சுட்ட பொடி அமிலத்தில் நுரையே இல்லாமல் கரைந்தது. அப்படியானால் நுரை வரச் செய்த ஏதோ ஒரு காற்று சூட்டிலேயே வெளியேறிவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். இன்று அதைக் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோம். பிளாக் செய்த சோதனையில் இரண்டு முக்கியமான பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, எடையைப் பார்க்க வேண்டும், அதுவும் வெளியேறும் வாயுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் வேதியியல் மாற்றத்திலும் மொத்த எடை கூடுவதோ குறைவதோ இல்லை. இன்னொன்று, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பு அமிலத்தில் பொங்கியது இப்போது பொங்கவில்லை என்றால் அது அதே பொருள் அல்ல.

சூளை இன்னும் சூடேறினால் சுவையான ஒரு திருப்பம் வருகிறது. 1,500 டிகிரிக்கு மேல் போகும்போது மக்னீசியம் ஆக்ஸைடின் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, இறுகி, கெட்டிக் கட்டியாகின்றன. முன்பு தண்ணீரோடு எளிதாக வினைபுரிந்த பொடி இப்போது தண்ணீரைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் பொருள் அதே மக்னீசியம் ஆக்ஸைடுதான். புதிதாக எதுவும் உருவாகவில்லை. ஆக, ஒரே சூளையில் முதல் கட்டம் வேதியியல், அடுத்த கட்டம் இயற்பியல். அதிகச் சூடு என்றால் வேதியியல் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாம் கட்டம் நல்ல பதில். இப்படி இறுகியதை வைத்துத்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்குத் தீச்செங்கல் செய்கிறார்கள். மக்னீசியம் ஆக்ஸைடு உருக 2,800 டிகிரிக்கும் மேல் வேண்டும், உருகிய எஃகு அதை ஒன்றும் செய்யாது.

ஜவ்வரிசியில் கண் ஏமாறும் இடம்

மேக்னசைட்டில் ஒன்றும் மாறாததுபோல் தெரிந்தாலும் எல்லாம் மாறிவிட்டது. ஜவ்வரிசியில் நேர்மாறு. எல்லாம் மாறியதுபோல் தெரியும், மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கும்.

ஆலைக்குள் வரும் மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். நார்த் திப்பி ஒருபக்கம் ஒதுங்கி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. பால் போன்ற தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. மாவுச்சத்து அடியில் படிகிறது, மேல் தண்ணீர் வடிகிறது. இதுவரை நடந்தது பிரித்தெடுத்தல் மட்டுமே. கிழங்கில் ஏற்கெனவே இருந்த மாவுச்சத்துதான் தொட்டியின் அடியில் கிடக்கிறது. ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்குவதும், சூடான தட்டில் வறுப்பதும், வெயிலில் காயவைப்பதும்கூட மாவுச்சத்தை வேறு பொருளாக மாற்றுவதில்லை.

ஆனால் கிழங்கை அரைக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் ஒரு வேதியியல் மாற்றமும் நடக்கிறது. மரவள்ளியின் செல்களுக்குள் லினமாரின் என்ற சேர்மம் தனியாகவும், அதை உடைக்கும் நொதி தனியாகவும் இருக்கின்றன. அரைக்கும்போது செல் கிழிந்து இரண்டும் சந்திக்கின்றன. லினமாரின் உடைந்து கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வெளியாகிறது. அது எளிதில் ஆவியாகும், தண்ணீரிலும் கரையும். அதனால் கழுவுவதிலும் காய்ச்சுவதிலும் நீங்கிவிடுகிறது. பச்சை மரவள்ளியைத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். அரைத்தல் என்ற ஒரே செயலில் மாவுச்சத்துக்கு இயற்பியல் மாற்றம், லினமாரினுக்கு வேதியியல் மாற்றம். "இந்தச் செயல் எந்த மாற்றம்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட "இந்தச் செயலில் எந்தப் பொருளுக்கு என்ன ஆனது?" என்று கேட்பது மேல்.

சரி, ஜவ்வரிசியைப் பாயசத்துக்குப் போடுகிறோம். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது, வெந்ததும் கண்ணாடி போல ஆகிறது, கொழகொழவென்று ஊதுகிறது. ஆறவைத்தாலும் காயவைத்தாலும் பழைய வெள்ளை மணி திரும்பி வராது. சமையல் எல்லாமே வேதியியல் மாற்றம் என்ற பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் இதையும் அதில் சேர்த்துவிடுவார்கள். நான் சேர்க்க மாட்டேன். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. மணிக்குள் இந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 60, 70 டிகிரி சூட்டில் சங்கிலிகளுக்கு இடையே உள்ள மெல்லிய பிடிப்புகள் தளர்கின்றன, அந்த இடைவெளிகளில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. சங்கிலி அறுபடவில்லை. குளுக்கோஸுக்கும் குளுக்கோஸுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு அப்படியே இருக்கிறது. திரும்ப முடியாத இயற்பியல் மாற்றத்துக்கு இது நல்ல உதாரணம்.

சங்கிலி அறுபடுவது வாய்க்குள். சர்க்கரை போடாத ஜவ்வரிசிக் கஞ்சியை உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்து மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலியை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டுகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை. ஆனாலும் இதுதான் வேதியியல் மாற்றம்.

இன்னொரு சோதனையும் வீட்டில் செய்யலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சரில் ஒரு சொட்டை ஆறிய கஞ்சித் தண்ணீரில் விடுங்கள். கருநீலமாகிவிடும். இத்தனை பெரிய நிற மாற்றத்தைப் பார்த்ததும் வேதியியல் என்று முடிவுகட்டத் தோன்றும். அந்தத் தண்ணீரை மெல்லச் சூடாக்குங்கள். நீலம் மறையும். ஆறவிடுங்கள், நீலம் மறுபடி எட்டிப்பார்க்கும். மாவுச்சத்துச் சங்கிலி சுருள் வடிவில் இருக்கிறது. அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் நிறம் வருகிறது. சூட்டில் சுருள் தளர்ந்தால் அயோடின் வெளியே வருகிறது, நிறம் போகிறது. மாவுச்சத்துச் சங்கிலி அறுபடவே இல்லை. நிறம் மாறினால் வேதியியல் என்ற விதியையும் இதோடு ஒதுக்கி வைக்கலாம். (சோதனை செய்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.)

குமிழியும் இப்படித்தான். கோலி சோடாவை உடைத்ததும் பொங்கும் குமிழி, அழுத்தத்தில் கரைத்து வைத்திருந்த வாயு அழுத்தம் போனதும் வெளியேறுவதால் வருவது. கொதிக்கும் தண்ணீரின் குமிழி வெறும் நீராவி. ஆனால் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டதும் வரும் குமிழி புதிதாக உருவான கார்பன் டை ஆக்ஸைடு. மூன்றும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த வாயு முன்பே அங்கே இருந்ததா, இப்போதுதான் பிறந்ததா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

கொலுசு கறுத்தால்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற பட்டறைகளில் வெள்ளியை உருக்குகிறார்கள். சுமார் 962 டிகிரியில் வெள்ளி உருகும். வார்ப்பது, தகடாக அடிப்பது, கம்பியாக இழுப்பது, வெட்டி வளைப்பது எல்லாம் இயற்பியல். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துப் போகும், மறுபடி நெருப்பில் காட்டினால் இளகும். அதுவும் இயற்பியல்தான், உள்ளே வெள்ளி அணுக்களின் அடுக்கு குலைவதும் சீராவதும் மட்டுமே நடக்கிறது.

அந்தக் கொலுசு சில மாதங்களில் கறுத்தால் அது வேதியியல். காற்றிலும் வேர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கரிய படலம் உண்டாகிறது. இதைப் போக்க இரண்டு வழி உண்டு. பற்பொடியோ வேறு பொடியோ போட்டுத் தேய்த்தால் கறுப்பு உரிந்து போகும்; அதோடு சேர்ந்திருந்த வெள்ளியும் போய்விடும். இது இயற்பியல் வழி. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அலுமினியத் தாள் விரித்து, கொலுசு அதைத் தொடும்படி போட்டு வைத்தால் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தின் பக்கம் போய்விடும். சல்பைடாக இருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. இது வேதியியல் வழி. கல் பதிக்காத, மெருகு பூசாத சாதாரணக் கொலுசுக்கு இரண்டாவது வழியில் வெள்ளி வீணாகாது. எந்த மாற்றம் எது என்று தெரிவதால் வரும் லாபம் இது.

சேலம் உருக்காலையின் கறைபடா எஃகும் இதே கணக்கில் வரும். தகடாக உருட்டுவது இயற்பியல். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம் தானாக உண்டாகிறது. அந்தச் சிறிய வேதியியல் மாற்றம்தான் துரு என்ற பெரிய வேதியியல் மாற்றத்தைத் தடுத்து நிறுத்துகிறது.

காப்பிப் பழத்திலிருந்து டம்ளர் வரை

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டுத் தோட்டத்தில் பறித்த ஒரு பழம் டிகாக்ஷனாக இறங்குவதற்குள் இரண்டு வகை மாற்றங்களும் மாறி மாறி வருகின்றன. வரிசையாகப் பின்தொடர்ந்தால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கைவந்துவிடும்.

சிவந்த பழத்தை இயந்திரத்தில் விட்டுத் தோலைப் பிதுக்கி எடுக்கிறார்கள். இயற்பியல். கொட்டையின்மேல் வழவழப்பான சதைப்படலம் ஒட்டியிருக்கும். அது தண்ணீரில் எளிதாகப் போகாது. தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை ஊறவிட்டுப் புளிக்கவைக்கிறார்கள். நுண்ணுயிர்களும் நொதிகளும் அந்தப் படலத்தின் பெக்டினையும் சர்க்கரையையும் உடைக்கின்றன. புளிப்பு வாசனை வரும், தொட்டி லேசாகச் சூடேறும். வேதியியல். பிறகு கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஈரம் ஏறக்குறைய பத்து, பதினொரு சதவீதத்துக்கு இறங்கும்வரை தண்ணீர் ஆவியாகப் போகிறது. இயற்பியல். மேல் உமியை நீக்குவதும் அப்படியே.

இப்போது கையில் இருப்பது பச்சைக் கொட்டை. முகர்ந்து பார்த்தால் புல் வாசனைதான் வரும், காப்பி வாசனை இருக்காது. ஏனென்றால் அந்த வாசனைக்குக் காரணமான பொருள்கள் பெரும்பாலும் இன்னும் பிறக்கவே இல்லை. இது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் விஷயம். கொட்டைக்குள் ஒளிந்திருந்த வாசனை சூட்டில் வெளியே வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒளிந்திருந்து வரவில்லை, சூட்டில் புதிதாகவே உருவாகிறது.

வறுக்கும்போது முதலில் மிச்ச ஈரம் போகிறது, அதுவரை இயற்பியல். கொட்டையின் சூடு 150 டிகிரியை நெருங்கும்போது சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்குகின்றன. தோசையின் ஓரம் பொன்னிறமாவதும் இதே வினையால்தான். நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்கள் பிறக்கின்றன, கொட்டை பழுப்பாகிறது. 200 டிகிரியை ஒட்டி உள்ளே சேர்ந்த நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் அழுத்திக் கொட்டை 'படக்' என்று வெடிக்கும். அந்த வாயு பிறந்தது வேதியியல், அழுத்தத்தில் கொட்டை விரிந்தது இயற்பியல். வறுத்து முடித்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கும். வறுத்த பிறகும் சில நாள்கள் கொட்டையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு கசிந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் காப்பிப் பொட்டலங்களில் வாயு வெளியே மட்டும் போகும்படி சிறிய அடைப்பான் வைக்கிறார்கள்.

அரைப்பது இயற்பியல். ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பொடியிலிருந்து கரையக்கூடியவை கரைந்து இறங்குகின்றன, அதுவும் இயற்பியல். ஆனால் அரைத்த பொடியைத் திறந்து வைத்தால் வாசனை பறந்துபோகிறது, இது ஆவியாதல். கூடவே காற்றின் ஆக்ஸிஜன் அதன் எண்ணெய்ப் பொருள்களோடு சேர்ந்து ஒருவிதச் சிக்கு வாடை வருகிறது, இது வேதியியல். பழைய பொடியின் குறையில் இரண்டுக்கும் பங்கு உண்டு. காற்றுப்புகாத டப்பா இரண்டையும் தாமதப்படுத்தும்.

டம்ளரில் சர்க்கரை கரைவது இயற்பியல் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சர்க்கரை மூலக்கூறு உடையாமல் தண்ணீருக்குள் பரவுகிறது, அவ்வளவுதான். உப்பு கரைவதில்தான் கொஞ்சம் இழுபறி. உப்பில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. சோடியம், குளோரைடு என்ற அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், அடுக்காகப் பிணைந்திருக்கின்றன. கரையும்போது அந்தப் பிணைப்பு விட்டுப்போய் அயனிகள் தனித்தனியே மிதக்கின்றன. பிணைப்பு விட்டதால் வேதியியல் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை, தண்ணீர் வற்றினால் அதே உப்பு. பள்ளிப் பாடம் இதை இயற்பியல் என்றே கொள்கிறது, நானும் அதோடு ஒத்துப்போகிறேன். இயற்கை இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து கிடக்கவில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒன்றைக் கண்டால் அதில் என்ன பிணைப்பு விட்டது, என்ன புதிதாகப் பிணைந்தது என்று விவரிப்பதே நேர்மையான விடை.

கடைசியாக ஒரு பயிற்சி

ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைக்கு ஒரு முறை போய் நின்று பாருங்கள். நடப்பதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்ல முடிந்தால் பாடம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். நான் பிரிக்கும் விதம் இது.

கரும்பை ஆட்டிச் சாறு எடுப்பது இயற்பியல். கொப்பரையில் சாறு கொதித்துத் தண்ணீர் ஆவியாவது இயற்பியல். இடையில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சாற்றில் இருக்கும் அமிலங்களைச் சுண்ணாம்பு நடுநிலையாக்குகிறது, சில உப்புகள் கரையாத பொருளாகப் படிந்து அழுக்கையும் இழுத்துக்கொள்கின்றன. இது வேதியியல். அந்த அழுக்கு நுரையாக மேலே வந்ததும் வழித்து எடுப்பது இயற்பியல். சுண்ணாம்பு போடாமல் புளிப்பான சாற்றை அப்படியே காய்ச்சினால் கரும்புச் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். அதாவது ஒரு வேதியியல் மாற்றத்தை இன்னொரு வேதியியல் மாற்றத்தால் தடுக்கிறார்கள். பாகு நிறம் ஏறுவதில் வேதியியலுக்கும் பங்கு உண்டு. பதம் பார்த்து இறக்கி, மரத்தொட்டியில் ஊற்றி, ஆறியதும் உருண்டை பிடிப்பது இயற்பியல்.

அந்த உருண்டையை வீட்டில் தட்டிப் பொங்கலுக்குக் கரைத்தால் அது இயற்பியல். கரண்டி போடாமல் விட்டு அடிபிடித்துக் கருகினால் சர்க்கரை சிதைந்து, தண்ணீர் ஆவியாகப் போய், பானையின் அடியில் கரி மிஞ்சும். அந்தப் பகுதியில் சர்க்கரை இனி இல்லை.